நான் குடித்துக் காட்டிய தண்ணீர்

அந்தக் குழாயில் வந்தது லாரித் தண்ணீர். மாற்றிவிட்டவன் நான்.

முதலிலேயே சொல்லிவிட்டேன். சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது. எட்டாவது வரைதான் படிப்பு. வாயால் சொல்ல முடியாததை எழுதியாவது பார்ப்போம் என்று உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் என்னை அறியாதவர். அதுவும் ஒரு வசதிதான்.

ஆம்பூருக்கு வெளியே, தோல் கம்பெனிகளின் கழிவுநீரைச் சுத்தம் செய்கிற நிலையம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். பம்ப் ஓட்டுவது, வால்வு திறப்பது, மூடுவது, அடைப்பு எடுப்பது. அதற்கு முன்பு ஒரு கம்பெனியில் சுண்ணாம்புக் குழியில் இருந்தேன். தோலைச் சுண்ணாம்பில் ஊறப்போட்டு மயிரை உரிக்கிற இடம். அங்கே இருந்தவனுக்கு மூக்கும் கையும் பழகிவிடும். மனசு மட்டும் பழகாது.

எங்கள் நிலையத்துக்குள் தண்ணீர் நுழைகிற இடத்தை நீங்கள் ஒருமுறை பார்க்க வேண்டும். மயிர் வரும். சதைத் துணுக்கு வரும். ஒரு நாள் சாம்பல் நிறம், ஒரு நாள் நீலப் பச்சை. மேலே நுரை. அதைத் தண்ணீர் என்று சொல்லவே கூசும்.

அதைத்தான் சுத்தம் செய்கிறார்கள். முதலில் சல்லடை. பிறகு மருந்து போட்டு மண்டியைக் கீழே தங்கவைப்பார்கள். பிறகு பெரிய தொட்டியில் இரவும் பகலும் காற்றை ஊதுவார்கள். கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் அதில் இருந்துகொண்டு அழுக்கைத் தின்னுமாம். பிறகு மணல். பிறகு மயிரிழை போன்ற குழல்கள். கடைசியில் ஆர்.ஓ. உங்கள் வீட்டில் சுவரில் மாட்டியிருக்கிறீர்களே, அதேதான். இங்கே ஆளைவிட நீளமான குழாய்கள் அடுக்கடுக்காகப் படுத்திருக்கும். அழுத்தித் தள்ளினால் உப்பு ஒரு பக்கம், தண்ணீர் ஒரு பக்கம். மிஞ்சுகிற உப்புநீரையும் விடுவதில்லை. கொதிக்கவைத்து ஆவியாக்கி, உப்பை மூட்டை கட்டுவோம். பாலாற்றுக்கு ஒரு சொட்டும் போகக் கூடாது. அதுதான் கட்டளை.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எனக்கு நம்பிக்கை வரவில்லை.

வாசலில் வருவதைக் கண்ணால் பார்த்தவன், கொல்லையில் வருவதைக் குடிப்பானா? நீங்கள் குடிப்பீர்களா? சொல்லுங்கள்.

வேலூரிலிருந்து ஒருமுறை கல்லூரிப் பிள்ளைகள் நிலையத்தைப் பார்க்க வந்தார்கள். அப்போதிருந்த மேனேஜர், யாராவது ஒருத்தர் குடித்துக் காட்டினால்தான் நம்புவார்கள் என்றார். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். நான் குழாய்க்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். அதுதான் என் தகுதி! சொம்பில் பிடித்து, உதட்டில் படாமல் அண்ணாந்து குடித்தேன். தண்ணீர் வாயில் விழுவது எல்லோருக்கும் தெரிந்தது. கைதட்டினார்கள்.

பிறகு மணல் தொட்டிக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தேன்.

தண்ணீரில் ஒன்றும் இல்லை. மனசுதான் எடுத்தது. இதை இன்றைக்குச் சொல்கிறேன். அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் அடித்திருப்பேன்.

அதற்குப் பிறகு யார் வந்தாலும் "கோவிந்தனைக் கூப்பிடு" என்றார்கள். அதிகாரி வந்தால் கோவிந்தன். வெளிநாட்டுக்காரன் வந்தால் கோவிந்தன். தண்ணீரைச் சுத்தம் செய்ய இவ்வளவு மிஷின் வைத்திருக்கிறார்கள்... அதை நம்பவைக்க ஒரு மனுஷனுடைய தொண்டை வேண்டியிருக்கிறது!

முடியாது என்று சொல்லியிருக்கலாம். வாயில்லாமல் போனது.

ஆர்.ஓ. அறையின் மாடியில், எங்களுக்குக் குடிக்க லாரித் தண்ணீர் ஏற்றிவைக்கிற கறுப்புத் தொட்டி ஒன்று உண்டு. யாரும் இல்லாத நேரம் பார்த்து அதிலிருந்து ஒரு குழாயைக் கீழே இறக்கினேன். மின்சாரப் பேனலுக்குப் பின்னால், அந்தக் குடித்துக் காட்டுகிற குழாயோடு சேர்த்தேன். ஒரு வால்வை மூடி இன்னொன்றைத் திறந்தால் போதும். குழாய் அதே குழாய். வருவது லாரித் தண்ணீர்.

அதன் பிறகு தைரியமாகக் குடித்தேன். மறுபடியும் பிடித்துக் குடித்துக் காட்டினேன். என்ன நடிப்பு!

யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தேன். வருகிறவர்கள் பார்க்கிறார்கள், போகிறார்கள். குடிக்கிறவன் நான். மேனேஜருக்குக்கூடத் தெரியாது. அவரும் மாற்றலாகிப் போனார்.

பிறகு நித்யா மேடம் வந்தார். இன்ஜினியர். சின்ன வயசு. மற்ற அதிகாரிகள் மூக்கில் கைக்குட்டை வைத்துக்கொண்டு தள்ளி நிற்கிற இடத்தில் இவர் குனிந்து எட்டிப் பார்ப்பார். தொட்டியில் நுரை மாறினால் எங்களுக்கு முன்னால் அவர் நிற்பார். என்னை "கோவிந்தண்ணா" என்றுதான் கூப்பிடுவார்.

நான் குடித்துக் காட்டுவதை ஒருநாள் பார்த்தார். அவருக்குப் பிடிக்கவில்லை.

"இன்னாண்ணா இது, சர்க்கஸ் மாதிரி? இது குடிக்கறதுக்குன்னு எடுக்கற தண்ணி இல்ல. நல்ல தண்ணின்னு காட்டறதுக்கு டெஸ்ட் இருக்குது. நீங்க இனிமே குடிக்காதீங்க."

சரி மேடம் என்றேன்.

அன்றைக்கே அந்தக் குழாயைப் பிடுங்கி எறிந்திருக்க வேண்டும்! பிடுங்கவில்லை. ஏன்? பிடுங்கும்போது யாராவது பார்த்துவிட்டால்? நாளைக்கு வேறு மேனேஜர் வந்து குடிக்கச் சொன்னால்? அப்படியே விட்டுவிட்டேன். அது பேனலுக்குப் பின்னால் தூசி பிடித்துக் கிடந்தது.

நிலையத்தின் மதிலுக்கு அந்தப் பக்கம் என் அக்கா ஊர். பெயர் கஸ்தூரி. மாமா போன பிறகு அக்காவுக்குக் கறவை மாடுகள்தான் பிழைப்பு. அந்த ஊர்க் கிணறெல்லாம் உப்பு. பழைய பாவம், கம்பெனிகள் கண்டபடி திறந்துவிட்ட காலத்துப் பாவம். போர்வெல் தண்ணீரை மாடு முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளும். தென்னை மட்டை ஓரம் கருகித் தொங்கும். அக்கா மாட்டுக்கும் லாரித் தண்ணீர் வாங்கினாள். மாடு கறப்பதில் பாதி மாடே குடித்துவிடுகிறது என்பாள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள்.

நாங்கள் சுத்தம் செய்கிற தண்ணீரைக் கம்பெனிகள் சில மாதங்களில் முழுதாக வாங்கிக்கொள்ளாது. மிஞ்சும். அதை அந்த ஊருக்குக் கொடுக்கலாம் என்றார் நித்யா மேடம். மனுஷர் குடிக்க இல்லை. மாட்டுத் தொட்டிக்கும் தென்னைக்கும். அதற்காக ஆபீஸ் ஆபீஸாக அலைந்தார். ஒவ்வொரு இடத்திலும் ஒரு கேள்வி. வெயிலில் போய் வெயிலில் வருவார். கடைசியில் அனுமதி கிடைத்தது. ஊர் ஒத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் பாக்கி. வந்து பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்றது ஊர்.

அக்காவுக்கு அதுவே நினைப்பு. தண்ணீர் வந்தால் மாடு நிற்கும், வராவிட்டால் விற்க வேண்டியதுதான். என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பாள். எப்போது வரும், எவ்வளவு வரும், மெய்யாகவே நல்ல தண்ணீரா?

நல்ல தண்ணீர்தான், நானே குடித்திருக்கிறேன் என்பேன்.

கூசாமல் சொன்னேன்.

ஊர்க்காரர்கள் வந்த நாள் காலையில், நான் பேனலுக்குப் பின்னால் போய் வால்வைத் திருப்பினேன். யாரும் சொல்லவில்லை. மேடம் குடிக்கவே கூடாது என்றிருந்தார். பின் ஏன் திருப்பினேன்? ஊர்க்காரன் கேட்பான் என்று எனக்குத் தெரியும். அக்காவும் வருகிறாள். அவள் வாயில் ஒருவேளை இந்த ஆர்.ஓ. தண்ணீர் பட்டால்... அவளுக்காகத்தான் செய்தேன் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தப் பொய்யும் இங்கேயே கிடக்கட்டும்.

ஊர்த் தலைவர் முன்னால் வந்தார். பின்னால் பத்திருபது பேர். தலைவர் நுழையும்போதே ஆரம்பித்தார். கெடுத்தவனே தண்ணீர் கொடுக்கிறானாம், பாலுக்கும் காவல் பூனைக்கும் தோழன் என்றார். சிரித்தார்கள். மேடமும் கோபப்படாமல் சிரித்தார். பிறகு ஒவ்வொரு தொட்டியாகக் கூட்டிப்போய், பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குச் சொல்வதுபோலப் பொறுமையாகச் சொன்னார். முதலில் வருகிற தண்ணீரையும் மறைக்காமல் காட்டினார். கடைசியில் டெஸ்ட் தாளை எடுத்து நீட்டினார்.

தலைவர் அதை வாங்கவில்லை.

"பேப்பர மாடு குடிக்குமா மேடம்? உங்க ஆள் ஒருத்தர் குடிச்சுக் காட்டுவாராமே. குடிக்கட்டும், பாக்கறோம்."

மேடம் என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தார். ஊர்க்காரர்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, சரி என்று தலையை அசைத்தார்.

குழாயைத் திறந்தேன். சொம்பில் பிடித்தேன். அண்ணாந்து குடித்தேன். எல்லோரும் என் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காரியம் முடிந்தது என்று நினைத்தேன்.

அக்கா முன்னால் வந்தாள்.

"நீ குடிச்சா போதுமா? மாடு என்னுது. குடு இங்க."

குடிக்கத்தானே போகிறாள், நல்ல தண்ணீர்தானே என்று கொடுத்தேன். அந்த நொடியில் எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. பாருங்கள், எவ்வளவு பெரிய மடையன்!

அக்கா ஒரு வாய் ஊற்றிக்கொண்டாள். விழுங்கவில்லை. வாயிலேயே வைத்திருந்தாள். கன்னம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அசைந்தது. பிறகு விழுங்கினாள். இன்னொரு வாய். குழாயைப் பார்த்தாள், மேடத்தைப் பார்த்தாள்.

"இது லாரித் தண்ணி."

"இன்னா கஸ்தூரி, தண்ணில பேர் எழுதிக்கீதா?" என்றார் தலைவர்.

"தெனம் நான் சொமக்கற தண்ணி எனக்குத் தெரியாதா? பேரணாம்பட்டு ரோட்டு மலையடிக் கெணத்துத் தண்ணி இது. முழுங்கினப்புறம் அடிநாக்குல துவர்க்கும். நீங்களே குடிச்சுப் பாருங்க."

தலைவர் குடித்தார். சிரிப்பு போய்விட்டது. சொம்பு கைமாறிக் கைமாறிப் போனது. குடித்த பெண்கள் எல்லோரும் ஆமாம் என்று தலையை ஆட்டினார்கள்.

தண்ணீரை விலைக்கு வாங்கி, குடம் குடமாகச் சுமக்கிற ஊர் அது. மேனேஜரை ஏமாற்றலாம். அதிகாரியை ஏமாற்றலாம். அந்த நாக்குகளை ஏமாற்ற முடியுமா? எனக்கு ஏன் அது தோன்றவில்லை? நானும் அதே லாரித் தண்ணீரைத்தானே வருஷக்கணக்கில் குடித்தேன்? ஒருநாளாவது அது துவர்க்கிறது என்று எனக்குத் தெரிந்ததா!

யாரோ பேனலுக்குப் பின்னால் போனார்கள். குழாயைப் பிடித்துக்கொண்டே பார்வையை மேலே கொண்டுபோனார்கள். மாடித் தொட்டி. அவ்வளவுதான். இருபது பேரும் மேடத்தைப் பார்த்தார்கள்.

என்னை ஒருவரும் பார்க்கவில்லை.

மேடமும் போய்ப் பார்த்தார். வால்வைத் தொட்டார். பிறகு அவரே அதைத் திருப்பினார். குழாயைத் திறந்து கொஞ்ச நேரம் ஓடவிட்டார். சொம்பில் நிறையப் பிடித்து மளமளவென்று குடித்தார். அண்ணாந்து குடிக்கத் தெரியாது அவருக்கு. மோவாயில் வழிந்து சட்டை நனைந்தது. இதுதான் அந்தத் தண்ணீர், தயவுசெய்து இதைக் குடித்துப் பாருங்கள் என்றார்.

அது எந்தத் தொட்டித் தண்ணீரோ என்றார் ஒருவர். அதற்குள் பாதிப் பேர் கேட் பக்கம் போய்விட்டார்கள்.

அவர் குடித்தது நல்ல தண்ணீர். அன்றைக்கு அந்த இடத்தில் ஒருத்தர்தான் உண்மையைக் குடித்தார். அதை ஒருவரும் நம்பவில்லை.

எல்லோரும் போன பிறகு மேடம் கேட்டார்.

"அண்ணா, இது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது மேடம்."

அவர் அந்தக் குழாய் ஜாயிண்டைப் பார்த்துக்கொண்டே நின்றார். அதில் நூல் சுற்றியிருந்தது. எங்கள் நிலையத்தில் மற்றவர்கள் எல்லாம் டேப் சுற்றுவார்கள். வெள்ளைப் பூச்சு தடவி நூல் சுற்றுகிறவன் நான் ஒருவன். அது அவருக்குத் தெரியும். அதற்காக என்னைக் கிண்டல்கூடச் செய்திருக்கிறார்.

ஒன்றும் சொல்லவில்லை. சொம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார்.

ஏன் சொல்லவில்லை? திட்டியிருக்கலாம்! நாலு பேர் முன்னால் என் சட்டையைப் பிடித்துக் கேட்டிருக்கலாம்! கேட்டிருந்தால் இந்தப் பேஜார் அன்றைக்கே முடிந்திருக்கும். அவர் பேசாமல் போனதுதான் எனக்கு ஆத்திரம். ஆத்திரப்பட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? அது தனிக் கேள்வி.

மேலிடத்தில், ஊரைச் சம்மதிக்கவைக்க மேடம்தான் இப்படிச் செய்தார் என்று முடிவு கட்டினார்கள். கொஞ்ச நாளில் அவர் வேலையை விட்டுப் போனார். போகிற அன்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார். என்னிடமும்தான். "வர்றேண்ணா" என்றார். நான் பம்ப் சத்தத்தில் காதில் விழாதவன் மாதிரி நின்றேன்.

ஊர் தண்ணீர் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டது.

இதில் எனக்கு எது தாங்கவில்லை தெரியுமா? அக்கா என் வீட்டுக்கு வந்தாள். கோபமாகத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உன்னையும் ஏமாத்திட்டாடா அந்தப் பொம்பள. கம்பெனித் தண்ணின்னு நெனச்சு, ஊர் ஜனம் பாக்க நீ பாட்டுக்குக் குடிச்சிக்கினு இருந்திருக்கற. வெகுளிடா நீ."

தலையைத் தடவினாள். நான் தலையைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவளே ஊர் முழுக்கச் சொன்னாள். எங்கள் தம்பி பாவம், அவனுக்கு ஒன்றும் தெரியாது என்று. இப்போதும் அந்த ஊருக்குப் போனால் என்னைப் பாவமாகப் பார்க்கிறார்கள். நித்யா மேடத்தின் பெயரைச் சொன்னால் காறித் துப்புகிறார்கள்.

அந்தக் குழாயை அப்போதே அறுத்தெறிந்தேன். அதற்குப் பிறகு ஆர்.ஓ. தண்ணீரைத்தான் குடிக்கிறேன். யார் முன்னாலும் இல்லை. என்பாட்டில். முதல் சில நாள் குமட்டியது. பிறகு நின்றுவிட்டது. ருசி ஒன்றும் கிடையாது. சப்பென்று இருக்கும். வயிற்றுக்கு ஒரு கெடுதலும் வரவில்லை. வாசலில் அந்தச் சாக்கடை வருகிறது, கொல்லையில் இது வருகிறது. மெய்யாகவே வருகிறது! மேடம் சொன்னது அத்தனையும் சரி. மிஷின் ஒரு நாளும் பொய் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன். அதுவும் எதற்கு? நல்ல தண்ணீரை நல்ல தண்ணீர் என்று காட்டுவதற்கு! இதைவிடக் கேவலமான பொய் உண்டா?

மிஞ்சுகிற தண்ணீரை இப்போது எங்கள் வளாகத்து மரங்களுக்கு விடுகிறோம். வேம்பும் புங்கையும் மதிலுக்கு மேல் எழுந்து பச்சையாக நிற்கின்றன. மதிலுக்கு அந்தப் பக்கம் தென்னை கருகிக்கொண்டிருக்கிறது. அக்கா அதையும் பார்த்தாள். "அதுக்கும் லாரித் தண்ணி ஊத்தறானுங்க போல. காசு ஜாஸ்தி அவனுங்களுக்கு" என்றாள்.

சொல்லிவிட வேண்டியதுதானே என்கிறீர்கள். நானும் அதைத்தான் நினைக்கிறேன். தினமும் நினைக்கிறேன். ஆனால் எதைச் சொல்வது? தண்ணீர் நல்லது என்று சொன்னால் போதாது. வால்வைத் திருப்பியவன் நான் என்றும் சொல்ல வேண்டும். அதைச் சொன்ன பிறகு நான் பொய்யன். பொய்யன் வந்து தண்ணீர் நல்லது என்றால் ஊர் கேட்குமா? ஒன்றைச் சொன்னால் இன்னொன்று செத்துவிடுகிறது. இப்படி ஒரு முடிச்சை நானே நூல் சுற்றிப் போட்டிருக்கிறேன்...

இதுவும் சாக்குதான். எனக்குத் தெரியும். மேடத்தின் பெயரையாவது மீட்டிருக்கலாமே. அதற்குத் தண்ணீரை யாரும் நம்பத் தேவையில்லை. என்னை நாலு பேர் காறித் துப்பினால் போதும். அதற்குத்தான் மனசு வரவில்லை.

இந்தக் கோடையில் அக்கா கடைசி மாட்டை விற்றாள். மற்றவை முன்பே போய்விட்டன. லாரித் தண்ணீர் வாங்கிக் கட்டுப்படியாகவில்லை. வியாபாரி டெம்போவோடு வந்திருந்தான். விஷயம் தெரிந்து நான் வேலையிலிருந்து நேராக ஓடினேன். இன்றைக்குச் சொல்லியே விடுவது என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

மாட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, விக்காத. அந்தத் தண்ணி நல்ல தண்ணிதான்."

"எந்தத் தண்ணி?"

"எங்க தண்ணி. மாட்டுக்கு ஒண்ணும் ஆவாது. நான் தெனம் குடிக்கறேன்."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபம் இல்லை. ஏளனம்கூட இல்லை.

"அன்னிக்கும் நீ குடிச்சியேடா."

அடுத்த வார்த்தை என்னுடையது. வாயைத் திறந்தேன். நாக்கு நுனியில் இருந்தது. அக்கா காத்திருந்தாள் என்றுதான் நினைக்கிறேன். எவ்வளவு நேரம் நின்றேனோ... வியாபாரி நேரமாகிறது என்று குரல் கொடுத்தான்.

டெம்போவில் ஏற்றச் சாய்த்திருந்த பலகையில் மாடு கால் வைக்க மறுத்தது. அவன் முன்னாலிருந்து இழுத்தான். அது கழுத்தை நீட்டிக்கொண்டு அப்படியே நின்றது.

"பாத்துக்கினே நிக்கற. பின்னாலருந்து தள்ளு" என்றாள் அக்கா.

தள்ளினேன்.